நோயாளிகள் ஆளும் மருத்துவ நிலையம்: அமெரிக்கச் சமூக சுகாதார நிலையங்களின் நிர்வாகக் குழு

அமெரிக்காவில் மத்திய அரசின் மானியம் பெறும் சமூக சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் குழு உண்டு. அதில் 9 முதல் 25 பேர் வரை இருக்கலாம். அவர்களில் குறைந்தது 51 விழுக்காட்டினர் அதே நிலையத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆனாலும் இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், என்னென்ன சிகிச்சைகள் கிடைக்கும், கதவு எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடும் என்று முடிவு செய்வதும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. மருத்துவமனைகளில் யோசனை சொல்லும் குழுக்கள் பல நாடுகளில் உண்டு. சொன்ன யோசனையைக் கேட்பதும் கேட்காததும் அங்கே நிர்வாகத்தின் விருப்பம். இங்கே நோயாளியின் கை உயர்ந்தால் அது வாக்கு. இந்த வேறுபாடு எப்படிச் சட்டமானது என்பதே இக்குழுக்களின் வரலாறு.

தொடக்கம்

இதன் வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. நேட்டால் மாகாணத்தின் போலேலா என்ற ஜூலு கிராமப் பகுதியில் 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் வீடு வீடாகப் போய் யார் என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வீட்டில் குழந்தை இறந்தது என்று கணக்கெடுத்தார்கள். காய்கறித் தோட்டம் போடுவதும் அங்கே வைத்தியத்தின் பகுதியாக இருந்தது. 1957இல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் சில மாதங்கள் அங்கே தங்கிப் பயின்றார். நிறவெறி அரசு அந்த முயற்சியைப் பின்னர் முடக்கிவிட்டது. கைகர் கற்றுக்கொண்டது மட்டும் அவரோடு கடல் கடந்தது.

1964 கோடையில் குடிமையுரிமை இயக்கத் தொண்டர்களுக்கு மருத்துவ உதவி செய்ய மிசிசிப்பிக்குப் போன கைகர், போலேலாவில் கண்ட வறுமையைத் தன் சொந்த நாட்டிலேயே கண்டார். அதே ஆண்டு அதிபர் லிண்டன் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கான பொருளாதார வாய்ப்புச் சட்டம் நிறைவேறியது. திட்டத்தின் பயனை அடைபவர்கள் அதை நடத்துவதிலும் இயன்ற அளவு முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று அச்சட்டத்தில் ஒரு தொடர் இருந்தது. அதை எழுதியவர்கள்கூட அதன் வலிமையை முழுதாக உணர்ந்திருந்தார்களா என்பது ஐயமே. பின்வந்த எல்லாவற்றுக்கும் அந்தத் தொடரே விதை.

கைகரும் கவுன்ட் கிப்சன் என்ற மருத்துவரும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரில் மானியம் பெற்று இரண்டு நிலையங்களைத் திட்டமிட்டார்கள். முதலாவது பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் 1965 டிசம்பரில் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட நிலத்துண்டில், குப்பைமேட்டை ஒட்டி, சுமார் 1,500 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு அது. காய்ச்சலில் துவளும் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு பேருந்து மாறி நகர மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்த ஆண்டு இந்த நிலையத்தைப் பார்வையிட்ட செனட்டர் எட்வர்ட் கென்னடி, இத்தகைய நிலையங்களுக்கு 5 கோடியே 10 லட்சம் டாலர் ஒதுக்கும் திருத்தத்தை நிறைவேற்ற உதவினார்.

மவுண்ட் பாயு

இரண்டாவது நிலையம் 1967இல் மிசிசிப்பியின் மவுண்ட் பாயு ஊரில் தொடங்கியது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887இல் தாங்களே உருவாக்கிய ஊர் அது. வடக்கே மாசசூசெட்ஸில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குத் தெற்குக் கோடியில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வறுமை ஒழிப்பு மானியத்தைத் தடுத்து நிறுத்தும் உரிமை மாநில ஆளுநர்களுக்கு இருந்தது. உயர்கல்வி நிறுவனத்துக்குப் போகும் மானியத்தை மட்டும் அவர்கள் தடுக்க முடியாது. கறுப்பின மக்களுக்கான நிலையத்தை மிசிசிப்பி ஆளுநர் விடமாட்டார் என்று தெரிந்ததால் பணம் டஃப்ட்ஸ் வழியாக வந்தது.

கட்டடம் எழும்புவதற்கு முன்பே ஜான் ஹாட்ச் என்ற சமூகப் பணியாளர் மவுண்ட் பாயு இருக்கும் பாலிவர் கவுன்டியின் வடபகுதியில் ஊர் ஊராகச் சுற்றினார். தேவாலயங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மருத்துவர் வேண்டும் என்ற பதில் முதலில் வரவில்லை. பருத்தி வயலுக்கு எந்திரங்கள் வந்து கூலிவேலை போய்விட்டிருந்தது. சோறும் வேலையும் நல்ல தண்ணீரும்தான் முதல் தேவை என்றார்கள். அந்தக் கூட்டங்களிலிருந்து 10 வட்டாரச் சுகாதாரச் சங்கங்கள் பிறந்தன. அவற்றின் பிரதிநிதிகள் சேர்ந்து வடக்கு பாலிவர் கவுன்டி சுகாதார மன்றம் ஆனார்கள். வயலில் வேலை பார்த்தவர்களும் வீட்டுவேலை செய்தவர்களும், வாக்காளராகப் பதிவதற்கே உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்த மாநிலத்தில், ஒரு மருத்துவ நிறுவனத்தின் போக்கைத் தீர்மானிக்க உட்கார்ந்தார்கள்.

அவர்கள் சொன்னபடியே காரியங்கள் நடந்தன. ஊட்டச்சத்து இல்லாமல் வாடிய குழந்தைகளுக்கு மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிட்டுக் கணக்கை நிலையத்தின் மருந்தகத்துக்கு அனுப்பினார். மருந்துப் பணத்தில் உணவு வாங்குவதா என்று வாஷிங்டனிலிருந்து கேள்வி வந்தது. பசியால் வந்த நோய்க்கு உணவே மருந்து என்பது கைகரின் பதில். அடுத்த ஆண்டு கூட்டுறவுப் பண்ணை தொடங்கியது. கிணறுகளும் கழிப்பிடங்களும் சீரமைக்கப்பட்டன.

வங்கி விவகாரம் இதைவிட முக்கியமானது. நிலையத்துக்கு வரும் பணத்தை எந்த வங்கியில் போடுவது என்ற கேள்வி எழுந்தபோது, மன்றம் ஒரு நிபந்தனை வைத்தது. மவுண்ட் பாயுவில் கிளை திறக்க வேண்டும், உள்ளூர்க் கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்க வேண்டும், வீட்டுக் கடனில் பாகுபாடு காட்டக் கூடாது. இதற்கு ஒப்புக்கொண்ட வங்கிக்கே கணக்கு போனது. மருத்துவம் படித்த ஒருவருக்கு இந்த யோசனை எளிதில் தோன்றியிருக்காது. கடன் கேட்டுப் போய்க் கைவிரிக்கப்பட்டுத் திரும்பியவர்களுக்கு அது உடனே தோன்றும். நோயாளிகள் ஏன் நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இந்த வரலாற்றில் இல்லை.

இந்த நிலையம் வளர்த்தவர்களில் ஒருவர் எல்.சி. டோர்சி. வாரக் குத்தகைக் குடும்பத்தில் பிறந்து, கூட்டுறவுப் பண்ணையை நடத்தி, மேற்படிப்பு படித்து, 1980களின் இறுதியில் அதே நிலையத்தின் இயக்குநராகத் திரும்பி வந்தார்.

சட்டமான கதை

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. பல நகரங்களில் மானியத்தைக் கையில் வைத்திருந்த மருத்துவக் கல்லூரிகள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கின. படிக்காதவர்களுக்கு வரவு செலவு புரியுமா என்றார்கள். பெயருக்கு ஒரு குழுவை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று மக்கள் குமுறினார்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாகக் காட்டியது. கீழ்ப்படிகளில் பங்கேற்பு என்ற பெயரில் நடப்பது ஏய்ப்பு. மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் மக்களிடம் வருகிறது. அதே ஆண்டு சமூகவியலாளர் டேனியல் பாட்ரிக் மொய்னிகன், அந்தப் பங்கேற்புத் தொடரே குழப்பத்துக்கு வழிவகுத்தது என்று ஒரு நூல் எழுதினார்.

நிலையங்களுக்கு மானியம் தந்த வறுமை ஒழிப்பு அலுவலகம் அதிபர் நிக்சன் காலத்தில் படிப்படியாகக் கலைக்கப்பட்டது. நிலையங்களும் அதோடு மறைந்திருக்கக்கூடும். ஆனால் 1975 ஜூலையில் நாடாளுமன்றம் அவற்றை நிரந்தரத் திட்டமாக்கும் சட்டத்தை இயற்றியது. அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு அதை நிராகரித்தார். சில நாட்களிலேயே இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் அந்த நிராகரிப்பை முறியடித்தன. நிர்வாகக் குழுவில் நோயாளிகள் பெரும்பான்மையாக இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை அன்று சட்டமானது. முன்பு அலுவலரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்தது இப்போது மானியத்தின் நிபந்தனை ஆயிற்று. குழு சரியாக இல்லையென்றால் பணம் நிற்கும்.

சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளில் எளியவர்களை மனத்தில் வைத்து எழுதியவை உண்டு. கூட்டத்துக்கு வருவதால் கூலி இழக்கும் குறைந்த வருமானக்காரருக்கு அந்தக் கூலியை ஈடுகட்டலாம். கடந்த 24 மாதங்களில் ஒருமுறையாவது அங்கே சிகிச்சை பெற்றவரே நோயாளி உறுப்பினராகக் கணக்கில் வருவார். குழந்தையை அழைத்துவரும் பெற்றோரும் அதில் சேர்த்தி. நிலைய ஊழியரோ அவருடைய நெருங்கிய உறவினரோ உறுப்பினராக முடியாது. நோயாளி அல்லாத உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல், வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு அதிகமாக மருத்துவத் துறையிலிருந்து பெறுபவராக இருக்கக் கூடாது. குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளருக்கோ வீடற்றோருக்கோ மட்டும் உழைக்கும் நிலையங்கள் தக்க காரணம் காட்டிப் பெரும்பான்மை விதியிலிருந்து விலக்குப் பெறலாம்.

கூட்ட மேசையில்

கட்டண விவாதம் ஒன்றே இக்குழுவின் பயனைக் காட்டப் போதும். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறையும் படிநிலை முறை இந்நிலையங்களில் கட்டாயம். மத்திய அரசின் வறுமைக் கோட்டிலோ அதற்குக் கீழோ இருப்பவருக்கு முழுத் தள்ளுபடி, கோட்டின் இரு மடங்கு வரை ஓரளவு தள்ளுபடி. முழுத் தள்ளுபடி பெறுபவரிடம் பெயரளவுக்கு ஒரு தொகை வாங்கலாம். எவ்வளவு வாங்கினால் அது பெயரளவு? நோயாளியின் பார்வையில் பெயரளவாக இருக்க வேண்டும் என்கிறது அரசு வழிகாட்டி. அதை அறியும் வழிகளில் ஒன்றாக நோயாளி உறுப்பினர்களின் கருத்தையே சொல்கிறது. கணக்காளருக்கு 20 டாலர் சிறு தொகை. மாதக் கடைசியில் பேருந்துக் காசையும் பால் காசையும் பிரித்து வைத்திருக்கும் தாய்க்கு அது மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் காரணம். அந்த மேசையில் அந்தத் தாயும் வாக்குடன் உட்கார்ந்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. குழுவில் இடம்பெறும் நோயாளிகள் பெரும்பாலும் மற்ற நோயாளிகளைவிடச் சற்று வசதியும் படிப்பும் உள்ளவர்கள் என்று ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். இரண்டு வேலை பார்ப்பவருக்கு மாலைக் கூட்டம் எட்டாக்கனி. ஆங்கிலத்தில் தடுமாறுபவர் தடித்த அறிக்கைகளைக் கண்டு வாய்திறக்காமல் இருந்துவிடுகிறார். உறுப்பினர்களுக்குப் பயிற்சியும் மொழிபெயர்ப்பும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் தராத நிலையம், எண்ணிக்கை விதியை நிறைவேற்றியும் அதன் நோக்கத்தைக் கைவிட்டுவிடுகிறது. இது உறுப்பினர்களின் குறையாகாது, பொறுப்பு நிலையத்துடையது.

ரீகன் ஆட்சியில் 1981இல் இந்த மானியத்தை மாநிலங்களின் மொத்த நிதியில் கரைக்க முயற்சி நடந்தது. நிலையங்கள் அதைத் தாங்கி நின்றன. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் பெரிதும் விரிந்தன. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 5 ஆண்டுகளுக்கு 1,100 கோடி டாலர் ஒதுக்கியது. இரு கட்சிகளின் ஆதரவும் நீடித்ததற்கு, ஒவ்வொரு தொகுதியிலும் தங்கள் நிலையத்துக்காகப் பேசத் தெரிந்த குழு உறுப்பினர்கள் இருந்தது ஒரு காரணம். இன்று சுமார் 1,400 நிறுவனங்கள் ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவம் பார்க்கின்றன.

கொலம்பியா பாயின்ட் நிலையம் 1990இல் கைகர்–கிப்சன் நிலையம் எனப் பெயர் பெற்றது. கைகர் 2020 டிசம்பரில் தம் 95ஆம் வயதில் காலமானார். மவுண்ட் பாயுவின் மருத்துவ மையமும் அவர் பெயரைத் தாங்கி இயங்குகிறது.