பாடும் கன்னியும் பெர்த்தாம் சைரனும்

2018 முதல் 2020 வரை ஓடிய அமெரிக்கத் தொடர் 'சைரன்'. அதன் கடற்கன்னி பாட்டால் மயக்கி உயிரையே குடிப்பவள். கொடியவள்தான்! ஆனால், உடன்பிறந்தவளை இராணுவம் பிடித்துச் சென்றதால்தானே அவள் கரையேறினாள்?

கிரேக்கக் கதையில் மாலுமிகளைப் பாடிக் கொன்ற சைரன்களுக்குப் பறவை உடல். மீன்வால் பிற்காலத்தில் ஒட்டியது. 1819இல் பிரெஞ்சு அறிஞர் கஞ்ஞார் த லா தூர், நீருக்கடியிலும் ஒலித்த தம் கருவிக்கு அப்பெயரைச் சூட்டினார். கொன்றவள் பெயர் காக்கும் கருவிக்குப் போனது வேடிக்கைதான்.

கடலே இல்லாத லெம்பா பெர்த்தாமில் இது கதையல்ல. 2013 அக்டோபர் 23, நள்ளிரவுக்குப் பின் சுல்தான் அபு பாக்கார் அணை நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் ஆறு வீடுகளுக்குள் புகுந்தது; உயிர்கள் போயின. அங்கே சைரன் என்றால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடச் சொல்லும் அணைக்கட்டுச் சத்தம்.