ஆசஃப் ஜாஹி மரபின் தோற்றம்

ஐதராபாத் நிஜாம்களின் அரச மரபு ஆசஃப் ஜாஹி மரபு எனப்படுகிறது. இதைத் தொடங்கியவர் முகலாயப் பேரரசின் தக்காண ஆளுநராக இருந்த மீர் கமருத்தீன் கான் (1671–1748). நிஜாம்-உல்-முல்க் என்ற பட்டத்தால் அறியப்படும் இவர் முடிசூட்டிக்கொள்ளவில்லை, தனியரசு அறிவிக்கவில்லை, தம் பெயரில் நாணயமும் அடிக்கவில்லை. இறுதிவரை தில்லிப் பேரரசரின் ஊழியர் என்றே தம்மைக் காட்டிக்கொண்டார். ஆயினும் அவர் அமைத்த ஆட்சி, முகலாயப் பேரரசு மறைந்த பின்னும் 90 ஆண்டுகள் நிலைத்தது.

பின்னணி

கமருத்தீனின் குடும்பம் நடு ஆசியாவிலிருந்து வந்து முகலாயப் படையில் உயர்ந்தது. பாட்டனார் ஆபித் கான், 1687-இல் கோல்கொண்டா முற்றுகையில் காயமுற்று இறந்தார். தந்தை காசியுத்தீன் கான் ஔரங்கசீப்பின் முன்னணித் தளபதிகளுள் ஒருவர். கமருத்தீனும் இளமையிலேயே தக்காணப் போர்களில் பங்கேற்று, சின் கிலிச் கான் என்ற பட்டம் பெற்றார்.

1707-இல் ஔரங்கசீப் இறந்ததும் வாரிசுப் போர்கள் தொடங்கின. 1713-இல் பேரரசர் ஃபரூக்சியார், கமருத்தீனுக்கு நிஜாம்-உல்-முல்க் பட்டம் அளித்துத் தக்காண ஆளுநராக்கினார். காந்தேஷ், பெரார், ஔரங்காபாத், பீதர், பீஜப்பூர், ஐதராபாத் ஆகிய ஆறு சுபாக்கள் அவர் பொறுப்பில் வந்தன. இரண்டே ஆண்டுகளில் அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த சையது சகோதரர்களுள் ஒருவரான உசைன் அலி கானுக்குத் தரப்பட்டது. 1720-இல் நிஜாம் மாளவத்திலிருந்து தெற்கே வந்து, சையதுகள் அனுப்பிய இரு படைகளையும் தோற்கடித்துத் தக்காணத்தைத் திரும்பப் பெற்றார்.

தில்லியில் தோல்வி, தக்காணத்தில் வெற்றி

1722-இல் பேரரசர் முகம்மது ஷா அவரைத் தலைமை அமைச்சராக்கினார். அரசு நிலங்களின் வரியைக் குத்தகைக்கு விடுவதையும், பதவிகளுக்குக் கையூட்டு வாங்குவதையும் தடுக்க நிஜாம் முயன்றார். அவற்றால் பயனடைந்தவர்கள் பேரரசரின் நெருங்கிய வட்டத்தினரே என்பதால் அம்முயற்சி பலிக்கவில்லை. மனம் கசந்த நிஜாம் தில்லியை விட்டுத் தக்காணம் திரும்பினார்.

அவரைத் தடுக்க, ஐதராபாத் சுபாவை ஆண்டுவந்த முபாரிஸ் கானைப் பேரரசர் தூண்டிவிட்டார். 1724 அக்டோபரில் பெராரிலுள்ள சகர்கேடாவில் (இன்றைய மகாராட்டிரத்தின் புல்டாணா மாவட்டம்) நடந்த போரில் முபாரிஸ் கான் கொல்லப்பட்டார். வேறு வழியின்றி முகம்மது ஷா 1725-இல் நிஜாமின் பதவியை உறுதி செய்து, ஆசஃப் ஜா என்ற பட்டமும் வழங்கினார். ஆசஃப் என்பது சாலமோன் மன்னரின் அமைச்சராகக் கருதப்படுபவரின் பெயர். ஓர் அரச மரபுக்கு அமைச்சரின் பெயர் அமைந்தது இவ்வாறுதான்.

பதவி அரசாக மாறிய விதம்

முகலாய முறையில் சுபேதார் படையையும் அமைதியையும் கவனிப்பார். திவான் வரியைக் கவனிப்பார். இருவரையும் தலைநகரமே நியமித்தது. அடிக்கடி இடம் மாற்றியது. ஒருவர் கையில் படையும் பணமும் சேர்ந்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது. 1724-க்குப் பின் தக்காணத்தில் இந்தத் தடை நீங்கியது. திவானையும் பிற அதிகாரிகளையும் நிஜாமே நியமித்தார். ஜாகீர்களையும் அவரே வழங்கினார். போரும் உடன்படிக்கையும் அவர் முடிவாயின. 1728-இல் பால்கேடில் பாஜிராவிடம் சிக்கியபோது மராத்தியருக்குச் சௌத் வரி தர அவர் செய்துகொண்ட முங்கி-சேவ்காவ் உடன்படிக்கை இதற்குச் சான்று.

மறுபுறம், தொழுகை உரையிலும் நாணயத்திலும் பேரரசரின் பெயரே நீடித்தது. இது வெறும் பணிவு அன்று. தக்காணத்துப் படைத்தலைவர்களும் ஜாகீர்தார்களும் பேரரசரின் பெயரால் உரிமை பெற்றவர்கள். அப்பெயரை நீக்கினால் அவர்கள் நிஜாமுக்குக் கீழ்ப்படிய வேண்டிய காரணமும் நீங்கிவிடும். பேரரசின் அதிகாரம் தேய்ந்தாலும், அதன் பெயருக்கு மதிப்பு எஞ்சியிருந்தது.

ஆற்காட்டில் அதே பாடம்

நிஜாம் தில்லிக்குச் செய்ததை அவருக்குக் கீழிருந்தோர் அவருக்கே செய்தனர். தக்காண ஆளுநருக்கு உட்பட்ட ஆற்காட்டில், நவாபு சாதத்துல்லா கான் 1732-இல் இறந்ததும் அவருடைய தம்பி மகன் தோஸ்த் அலி கான், நிஜாமின் ஒப்புதலின்றியே பதவியேற்றார். நிஜாமின் மகன் நாசிர் ஜங்கும் 1741-இல் தந்தையை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார். 1743-இல் நிஜாம் பெரும்படையுடன் தமிழகம் வந்து, மராத்தியர் வசமிருந்த திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினார். 1744-இல் அன்வருத்தீன் கானை ஆற்காட்டின் பொறுப்பில் அமர்த்தினார். அவரது குடும்பமும் நாளடைவில் வாலாஜா என்ற பரம்பரையாயிற்று.

விளைவுகள்

1748-இல் நிஜாம் புர்ஹான்பூரில் இறந்தார். பதவி யாருக்கு என்பதைத் தில்லியால் முடிவு செய்ய இயலவில்லை. நாசிர் ஜங்கும் நிஜாமின் மகள் வயிற்றுப் பேரன் முசாஃபர் ஜங்கும் மோதினர். அவர்களுக்குப் பின்னால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நின்றனர். 1750 டிசம்பரில் செஞ்சி அருகே நாசிர் ஜங்கும், 1751 பிப்ரவரியில் முசாஃபர் ஜங்கும் கொல்லப்பட்டனர். பேரரசரின் ஆணை செய்த வேலையை ஐரோப்பியக் கம்பெனிகளின் துப்பாக்கிகள் செய்யத் தொடங்கின. 1762-இல் ஆட்சியைப் பிடித்த நிஜாம் அலி கான், 1798-இல் ஆங்கிலேயரின் துணைப்படைத் திட்டத்தை ஏற்றார்.

கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா சஃபர் பதவி இழந்த பின்னரே, 1858-இல், ஐதராபாத் நாணயங்களிலிருந்து முகலாயர் பெயர் நீங்கியது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டதும் ஆசஃப் ஜாஹி ஆட்சி முடிவுக்கு வந்தது.