சூப்பர்நோவா வெளிச்சத்தைத் திருடும் தூசு: பெங்களூருவிலிருந்து கணக்கு போடுவது எப்படி?

மாலையில் சூரியன் ஏன் சிவப்பாகத் தெரிகிறது? காற்றும் தூசும் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. சிவப்பு மட்டும் ஓரளவு தப்பி உங்கள் கண்ணுக்கு வந்து சேருகிறது. வெடிக்கும் நட்சத்திரமான சூப்பர்நோவாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அது இருக்கும் கேலக்ஸியின் தூசு, ஒளியை மங்கலாக்கி, சிவப்பாகவும் மாற்றிவிடும்.

மங்கினால் என்ன பிரச்சினை?

'டைப் 1ஏ' சூப்பர்நோவாக்களின் உண்மையான பிரகாசம் கிட்டத்தட்டத் தெரிந்த ஒன்று. எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ, அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். நடுவில் தூசு புகுந்தால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

நிஜ உதாரணம் இருக்கா?

2014 ஜனவரியில் எம்82 கேலக்ஸியில் 'எஸ்என் 2014ஜே' கண்டுபிடிக்கப்பட்டது. தூரம் சுமார் 1.2 கோடி ஒளியாண்டுகள். பெங்களூரு கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவன விஞ்ஞானிகளும் இதை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப் லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை இயக்குவதோ பெங்களூரு அருகே ஹொசகோட்டேயிலிருந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக!

எம்82-இல் தூசு மிக அதிகம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் நம்மை வந்தடைந்தது. தூசைக் கணக்கில் எடுக்காவிட்டால் தூரம் சுமார் 3 கோடி ஒளியாண்டுகள் என்று வந்திருக்கும்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

பல வண்ண ஃபில்டர்களில் படமெடுத்து, நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்து மொத்த இழப்பைக் கணக்கிட 'ஆர்வி' என்ற எண் தேவை. நம் பால்வெளியில் இது சராசரியாக 3.1. 2014ஜே-க்குக் கிடைத்ததோ சுமார் 1.4. அங்கே 3.1-ஐப் போட்டால், தூரம் உண்மையில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எல்லா கேலக்ஸிக்கும் ஒரே ஃபார்முலா செல்லாது. அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் தூசின் தொந்தரவு குறைவு.

இது ஏன் முக்கியம்?

பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்று 1998-இல் சொன்னது இந்த சூப்பர்நோவாக்கள்தான். அதற்கு 2011-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தபோது, முதலில் சந்தேகப்பட வேண்டியிருந்தது தூசைத்தான். நிறத்தைச் சோதித்தார்கள், அவை கூடுதலாகச் சிவந்திருக்கவில்லை. டார்க் எனர்ஜியை இன்னும் துல்லியமாக அளக்க வேண்டும் என்றால், தூசுக் கணக்கும் அதே அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்.