ஆங்கிலச் சுருக்க வடிவங்கள்

ஆங்கிலத்தில் இரு சொற்கள் ஒட்டி, இடையே ஒலிகள் கெட்டு, ஒரே சொல்லாக வழங்கும் வடிவங்கள். 'டூ நாட்' என்பது 'டோன்ட்' ஆகும். 'இட் இஸ்' என்பது 'இட்ஸ்' ஆகும். கெட்ட எழுத்தின் இடத்தை அப்பாஸ்ட்ரஃபி என்னும் மேற்குறி காட்டும். தமிழிலும் 'வந்துவிட்டான்' பேச்சில் 'வந்துட்டான்' ஆகிறது. நாம் குறி இடுவதில்லை, அவ்வளவே.

குறியைவிட வழக்கம் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்ற எதிர்மறைச் சொல் வினைக்கு முன்னே நின்று, 'இஸ்' உடன் சேர்ந்து 'நிஸ்' ஆனது. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசரும் இத்தகைய வடிவங்களைக் கையாண்டார். எதிர்மறை 'நாட்' ஆகி வினைக்குப் பின்னே போனதும் இவை மறைந்தன. 'விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்' எனப் பொருள்படும் 'வில்லி-நில்லி' அவற்றின் எச்சம். மேற்குறி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கைப் பின்பற்றி வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'இட் இஸ்' பெரும்பாலும் 'டிஸ்' என்றே சுருங்கியது; 'இட்ஸ்' பின்னர்தான் அதை வென்றது.

டோன்ட், கான்ட், வோன்ட் ஆகியவை 17ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ஏறின. 'வில் நாட்' எப்படி 'வோன்ட்' ஆயிற்று? 'வில்' என்பதற்கு 'வோல்' என்றொரு பழைய வடிவம் இருந்தது. அதன் வழி வந்தது இது.

படித்தவர்களுக்கு இவை உறுத்தின. 1710இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 'டாட்லர்' இதழில் இவற்றைச் சாடினார். மறு ஆண்டே 'ஸ்பெக்டேட்டர்' இதழில் கட்டுரையாளர் ஜோசப் அடிசன், உயிரொலி கெட்டு மெய்கள் நெருங்கியதால் மொழியின் இசை போயிற்று என்று நொந்துகொண்டார். அதே ஆண்டுகளில் ஸ்விஃப்ட் எழுதிய சொந்தக் கடிதங்களில் இந்த வடிவங்கள் தாராளமாக வருகின்றன என்பதுதான் வேடிக்கை!

அதிகம் அடிபட்டது 'ஏய்ன்ட்'. அது சுருக்கும் 'ஆம் நாட்' என்பதற்குப் பொது ஆங்கிலத்தில் ஏற்கப்பட்ட நிலையான சுருக்கம் இல்லை. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'ஆம்ன்ட்' உண்டு. 1961இல் வெப்ஸ்டரின் மூன்றாம் பேரகராதி 'ஏய்ன்ட்' மீது போதிய கண்டனம் காட்டவில்லை என்று அமெரிக்க இதழ்கள் கொதித்தன.

எழுத்து முறையிலும் பிணக்கு இருந்தது. எழுத்தாளர் லூயிஸ் கரோல், இரண்டு இடத்தில் எழுத்து கெட்டால் இரண்டு குறி வேண்டும் என்று வாதாடினார். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 'டோன்ட்' போன்றவற்றில் குறியையே நீக்கினார்; ஆனால் 'ஹீ வில்' என்பதன் சுருக்கத்தில் விட்டுவைத்தார். அங்கே எடுத்தால் அது நரகம் எனப் பொருள்படும் 'ஹெல்' ஆகிவிடும்.

1983இல் அர்னால்ட் ஸ்விக்கி, ஜெஃப்ரி புல்லம் ஆகிய மொழியியலாளர்கள், 'ன்ட்' ஒட்டிய சொல் அல்ல, 'செய்யாது' என்பதிலுள்ள எதிர்மறை போல வினையின் விகுதியே என்று காட்டினர். 'கான்ட் யூ' என்று இயல்பாகக் கேட்கலாம். அதை விரித்து 'கேன் நாட் யூ' என்றால் இன்றைய பேச்சில் ஒட்டாது. அவர்கள் கணக்குப்படி 'டோன்ட்' சுருக்கமே அன்று. 'இட்ஸ்' போன்றவையே அப்பெயருக்கு உரியவை.