தோன்றா எழுவாய்: ஜனவரியில் இறந்தவர்கள் குறித்துச் சில குறிப்புகள்

ஆண்டு நூல்களில், போட்டித் தேர்வுக் கையேடுகளில், நாட்குறிப்பேடுகளின் பின்பக்கங்களில் 'இம்மாதம் மறைந்தோர்' என்றொரு பட்டியல் இருக்கும். பெயர், நாடு, தேதி, அடுத்த பெயர். இத்தகைய பட்டியல்களை நான் விடாமல் வாசிப்பவன். தொண்ணூறு வயதில் கட்டிலில் கண்மூடியவரும், நள்ளிரவில் சுடப்பட்டுக் கால்வாயில் வீசப்பட்டவரும் அங்கே ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இருவருமே 'மறைந்தார்'. சாவு எல்லோருக்கும் பொதுதானே, இதுல என்ன பேதம் என்று கேட்கலாம். சாவு பொதுதான். கொலை பொதுவல்ல.

சாவைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சைவருக்குச் சிவலோகப் பதவி, வைணவருக்குப் பரமபதம், பகுத்தறிவாளருக்கு 'இயற்கை எய்தினார்'. பெரிய மனிதர்கள் காலமாகிறார்கள். பேருந்து கவிழ்ந்தால் 'ஐந்து பேர் பலி' என்று போடுகிறது நாளிதழ். பலி என்றால் யாருக்குக் கொடுத்த பலி என்று எவரும் கேட்பதில்லை. வேறுபட்ட இந்தச் சொற்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இறந்தவரே இங்கு எழுவாய். கொன்றவருக்கு வாக்கியத்தில் இடமே கிடையாது. 'வந்தேன்' என்றால் 'நான்' மறைந்து நிற்கிறது, அதுதான் தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அங்கே மறைந்திருப்பவரை வினைமுற்றின் விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். நமது சாவுப் பட்டியல்களில் மறைந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்க எந்த விகுதியும் இல்லை. ஜனவரி மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த எழுவாய் எப்படியெல்லாம் மறைக்கப்படுகிறது என்று பார்க்கலாம்.

1919 ஜனவரி 15. பெர்லினில் ரோஸா லுக்ஸம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் பிடிக்கப்பட்டு, காவலர் குதிரைப்படைப் பிரிவின் தலைமையகமாக இருந்த ஈடன் ஓட்டலுக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். அதிகாரி வால்டமார் பாப்ஸ்ட். ஆட்சியில் இருந்ததோ சமூக ஜனநாயகக் கட்சி. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இருவருக்கும் அதுதான் கட்சி. லீப்னெக்டைப் பூங்காவில் சுட்டு, அடையாளம் தெரியாத பிணம் என்று ஒப்படைத்தார்கள். ரோஸாவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து, வண்டியில் வைத்துச் சுட்டு, லாண்ட்வேர் கால்வாயில் எறிந்தார்கள். படைப்பிரிவின் அறிவிப்பு என்ன சொல்லியது? லீப்னெக்ட் தப்பியோடும்போது சுடப்பட்டார்; ரோஸாவை ஆத்திரமடைந்த கூட்டம் கொன்றது. ஜனவரி 25 அன்று லீப்னெக்டைப் புதைத்தபோது ரோஸாவுக்காக ஒரு காலிச் சவப்பெட்டி வைக்கப்பட்டது. உடல் கிடைத்தது மே 31ஆம் தேதி. ராணுவ நீதிமன்றம் ருங்கே என்ற சிப்பாய்க்கும் ஃபோகல் என்ற அதிகாரிக்கும் சிறிய தண்டனைகள் கொடுத்தது. ஃபோகலுக்குக் கிடைத்த தண்டனை கொலைக்காக அல்ல, பிணத்தை அப்புறப்படுத்தியது போன்றவற்றுக்காக. பாப்ஸ்ட் விசாரிக்கப்படவே இல்லை. 1962இல் பத்திரிகைப் பேட்டியில் தன் செயலை நியாயப்படுத்திவிட்டு, 1970 வரை வாழ்ந்தார்.

1961 ஜனவரி 17. காங்கோவின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா, தோழர்கள் மோரிஸ் ம்போலோ, ஜோசப் ஒகிட்டோ ஆகியோருடன் கட்டாங்காவுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்படுகிறார். அன்றிரவே, பெல்ஜிய அதிகாரிகள் உடனிருக்க, மூவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். பிறகு உடல்களைத் தோண்டியெடுத்துத் துண்டாக்கிக் கந்தக அமிலத்தில் கரைத்தார்கள். தமிழில் 'மறைந்தார்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லை இவ்வளவு நேர்ப்பொருளில் நிறைவேற்றிய நிகழ்ச்சி வேறு உண்டா என்று தெரியவில்லை. பிப்ரவரி 13 அன்று கட்டாங்கா அரசு அறிவித்தது: லுமும்பா காவலிலிருந்து தப்பினார், கிராமத்து மக்கள் கொன்றுவிட்டார்கள்.

இரண்டு அறிவிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையில் 42 ஆண்டுகள், இரண்டு கண்டங்கள். ஆனால் வாக்கியம் ஒன்றுதான். தப்பியோடினார், மக்கள் கொன்றார்கள். எந்த மக்களின் பெயரால் இவர்கள் பேசினார்களோ, அதே மக்களைக் கொலைகாரர்களாக்கி எழுவாயின் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது அதிகாரம். எழுவாயை மறைக்கும் முதல் வழி இது: அதை மாற்றிவிடுவது.

இரண்டாவது வழி, வெட்டிவிடுவது. 1948 ஜனவரி 30 மாலை காந்தி கொல்லப்பட்டபோது, சுட்டவர் ஓர் இந்து என்பதை வானொலி உடனே சொல்லியாக வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் முஸ்லிம்கள் மீது என்ன நடந்திருக்கும் என்பதை அந்த நாட்களின் தில்லி அறியும். எழுவாயைச் சொன்னது அன்று உயிர்களைக் காத்தது. கொன்றவன் பெயரை எதற்கு நினைவில் வைக்க வேண்டும், அது பழிவாங்கல் இல்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். இப்போது நாம் அந்த நாளைத் 'தியாகிகள் தினம்' என்று அனுசரிக்கிறோம். 2023இல், 12ஆம் வகுப்புக்கான தேசியப் பாடநூலில், காந்தியின் இந்து–முஸ்லிம் ஒற்றுமை முயற்சி இந்துத் தீவிரவாதிகளைக் கொதிக்கச் செய்தது பற்றியும், கொலைக்குப் பின் ஆர்.எஸ்.எஸ். போன்ற அமைப்புகள் சிறிது காலம் தடைசெய்யப்பட்டது பற்றியும் இருந்த வாக்கியங்கள் நீக்கப்பட்டது தெரியவந்தது. கோட்சே என்ற பெயர் இருக்கலாம். அந்தக் கையை இயக்கிய கருத்தியல் இருக்கக் கூடாது. ஆளை விட்டுவைத்து எழுவாயை வெட்டுகிற நுட்பம்.

மூன்றாவது வழி, செத்தவரையே எழுவாயாக்கிவிடுவது. லுமும்பா கொல்லப்பட்ட அதே ஜனவரி 17இல், 2016ஆம் ஆண்டு, ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தார். அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர். மாதங்களாக உதவித்தொகை நின்றிருந்தது. நான்கு தோழர்களுடன் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். 'தற்கொலை செய்துகொண்டார்' என்ற வினையில் செய்தவரும் அவரே, செய்யப்பட்டவரும் அவரே. வேறொருவர் நுழைய இடமில்லாதபடி அந்தச் சொல் கதவைச் சாத்திவிடுகிறது. மாணவர்கள் அதனால்தான் 'நிறுவனப் படுகொலை' என்று சொல்லையே மாற்றினார்கள். அது உணர்ச்சிவசப்பட்ட கோஷமல்ல, ஓர் இலக்கணத் திருத்தம். 2024 மே மாதம் தெலங்கானா காவல்துறை தாக்கல் செய்த அறிக்கை என்ன செய்தது? அவர் தலித் இல்லை, அந்த உண்மை வெளிப்பட்டுவிடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியபின் மேல் விசாரணை என்றார்கள். யார் காரணம் என்று தேட வேண்டியவர்கள் செத்தவனின் சாதிச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை சொன்னது மற்றவர்கள் செய்தது. நம்ம பக்கம்?

1924 ஜனவரி 21இல் லெனின் இறந்தார். நினைவுச் சின்னங்கள் எழுப்பித் துக்கத்தைச் சடங்காக்க வேண்டாம் என்று குரூப்ஸ்கயா சில நாட்களிலேயே எழுதினார். அதைக் கேட்காமல் உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். இன்றும் செஞ்சதுக்கத்தில் இருக்கிறது. அதிகாரம் ரோஸாவின் உடலை ஒளித்தது; கட்சி லெனினின் உடலை ஒளியவே விடவில்லை. இரண்டிலும் இறந்தவர் பேச முடியாமல் போகிறார். கிழக்கு ஜெர்மனி ஆண்டுதோறும் ஜனவரியில் ரோஸாவுக்கு ஊர்வலம் நடத்திய அரசு. 1988 ஜனவரி 17இல், மாற்றுக் கருத்துள்ளவரின் சுதந்திரம் பற்றி அவர் எழுதியதைப் பதாகையாக்கிக் கொண்டுவரப் பார்த்தவர்களை அதே அரசு கைது செய்தது. ரோஸாவை நினைவுகூர்வதற்கு ரோஸாவின் வாக்கியமே இடைஞ்சல்!

நமது சுவரொட்டிகளையும் கவனிக்க வேண்டும். 'வீரவணக்கம்' என்று பெரிய எழுத்து, நடுவில் தியாகியின் படம், கீழே வணக்கம் செலுத்துபவர்களின் பெயர்களும் படங்களும். சுவரொட்டியின் உண்மையான எழுவாய் அதை ஒட்டியவர்தான். கொன்றவரைத் தேடினால் அங்கேயும் கிடைக்கமாட்டார்.

ரோஸா கொல்லப்பட்டு மிகச் சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 1939 ஜனவரி 15இல், சென்னையில் நடராசன் இறந்தார். ராஜாஜி அரசின் கட்டாய இந்திக்கு எதிராக மறியல் செய்து சிறைப்பட்ட தலித் இளைஞர்; சிறைவாசத்தில் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் உயிர்விட்டவர். மார்ச் மாதம் தாளமுத்துவும் அவ்வாறே இறந்தார். சென்னை எழும்பூரில், காந்தி இர்வின் சாலையில், பெருநகர வளர்ச்சிக் குழுமம் இயங்கும் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். வீட்டு மனைக்கு அனுமதி கேட்டு அங்கே படியேறுபவர்களில் எத்தனை பேருக்கு அது ஒருவரல்ல, இருவர் என்று தெரியும்? பெயர் இருக்கிறது, நியாயமான மரியாதையும்தான். ஆனால் இரண்டு சாவுகள் ஒரு முகவரியாகிவிட்டன. இருவரையும் எந்த அரசு, எந்தச் சட்டத்தில், எதற்காகச் சிறையில் வைத்தது என்பது முகவரியில் வராது.

நான் பட்டியல்களுக்கு எதிரியல்ல. தேதி ஓர் ஆயுதம். அதை எதிரிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்பது இவ்வளவுதான். நமது இதழ்களிலும் நாட்காட்டிகளிலும் நினைவேந்தல் அழைப்பிதழ்களிலும் 'மறைந்தார்' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது ஒரு கணம் நின்று, மறைந்தாரா மறைக்கப்பட்டாரா என்று கேட்டுக்கொள்ளலாம். மறைக்கப்பட்டார் என்றால் யாரால் என்ற வேற்றுமை உருபையும் சேர்த்து எழுதலாம். தனிமனிதர் பெயர் போதாது. படைப்பிரிவு, சுரங்கக் கம்பெனி, பல்கலைக்கழகம், அமைச்சரவை என்று நிறுவனத்தின் பெயரும் வேண்டும். நோயில் செத்தவர் நோயில் செத்தார் என்றே இருக்கட்டும். எல்லாச் சாவையும் தியாகமாக்குவதும் இன்னொரு மறைப்புத்தான்.

லுமும்பாவின் உடலைக் கரைத்த பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஜெரார் சுட், ஒரு பல்லை நினைவுப்பொருளாக எடுத்து வைத்திருந்தார். 2016இல் அது அவரது மகளிடமிருந்து கைப்பற்றப்பட்டது. 2022 ஜூனில் லுமும்பாவின் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டு, காங்கோ விடுதலையடைந்த அதே ஜூன் 30இல் கின்ஷாசாவில் அடக்கம் செய்யப்பட்டது. ம்போலோவுக்கும் ஒகிட்டோவுக்கும் அடக்கம் செய்யப் பல்லும் இல்லை. ஜனவரிப் பட்டியல்கள் பலவற்றில் பெயரும் இல்லை. அடுத்த ஜனவரியில் அங்கிருந்து தொடங்கலாம்.