மேடையைத் தந்ததும் பறித்ததும்: விசுவநாததாஸும் ஸ்பெஷல் நாடகமும்

சிவகாசியில் 1886இல் பிறந்த எஸ்.எஸ்.விசுவநாததாஸின் மேடை வாழ்வை எழுதுவோர், புகழுக்குக் குரல்வளத்தையும் தேசபக்தியையும், வறுமைக்கு ஆங்கில அரசையும் பேசும்படத்தையும் காரணமாக்குவது வழக்கம். இவை எதுவும் பொய்யல்ல. ஆயினும் அவரை ஏற்றிவிட்டதும் கைவிட்டதும் ஒரே ஏற்பாடுதான் என்பது என் வாதம். ஸ்பெஷல் நாடகம் என்னும் தொழில்முறையே அந்த ஏற்பாடு.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற கம்பெனிகளில் சோறும் பாடமும் கட்டுப்பாடும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஸ்பெஷல் நாடகத்துக்குக் கூரையே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனியே வந்து சேர்வார்கள். காண்ட்ராக்டர் பேசிமுடித்தது அந்த ஓர் இரவுக்கு மட்டும். ஒத்திகை இல்லை. சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ‘வள்ளி திருமணம்’ தடையின்றி நடக்கும். தர்க்கத்தில் யார் யாரை மடக்குவார் என்பது மட்டும் மேடையில்தான் தெரியும். விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல், சிவகாசிச் சித்திரைப் பொங்கல் போன்ற திருவிழாக்கள் நிறைந்த கரிசல் வட்டாரத்தில் இந்த முறைக்கு இடமும் ஆதரவும் இருந்தன. முடிதிருத்தும் தொழிலைச் சாதியின்மேல் சுமத்தியிருந்த காலத்தில், அச்சாதியில் பிறந்த ஒருவர் முருகனாக வேடங்கட்ட எந்த முதலாளியின் தயவும் தேவைப்படவில்லை. கூட்டம் கேட்டது, காண்ட்ராக்டர் அழைத்தார்.

அரசியலுக்கும் இம்முறையே வழிவிட்டது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஆட்சேபகரமான நாடகங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் முருகன் வள்ளியை மணக்கும் கதையில் எதை ஆட்சேபிப்பது? தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் கட்டம் வருகிறது. அங்கே மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய, வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு புகுந்தது. கொக்கு யாரென்று கொட்டகையில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குற்றம் கதையில் இல்லாமல், அன்றிரவு நடுவே பாடிய பாட்டில் இருந்ததால், போலீசின் கை நாடகத்தை விட்டுப் பாடகரைப் பிடித்தது. விசுவநாததாஸ் திரும்பத் திரும்பச் சிறை சென்றார். இதை வெறும் வீரக்கதையாகச் சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. மனப்பாடமான பனுவலுக்குள் புதிய பாட்டைச் செருக இடம் தந்த கலைவடிவத்தின் நுட்பமும் அதில் இருக்கிறது.

அந்த நுட்பத்துக்கான விலையைக் கொடுத்தது பாடகர் ஒருவரே. சிறையிலிருந்த நாட்களுக்குச் சம்பளம் தரக் கம்பெனி இல்லை. அவர் வராவிட்டால் காண்ட்ராக்டர் வேறொரு ராஜபார்ட்டைப் பேசிக்கொள்ளலாம். ஜோடி சேர்வது இரவுக்கு இரவு மாறியதால் சாதிக்கும் அங்கே கதவு திறந்திருந்தது. அவர் பிறப்பைச் சொல்லி உடன் நடிக்க மறுத்த நடிகையர் உண்டு என்று வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான கே.பி.ஜானகியம்மாள் அவருடன் மேடையேறியதை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

பேசும்படம் கொன்றது என்ற விளக்கம் இங்கேதான் போதாமல் போகிறது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்தபின் மேடைப் பாடகர்கள் எல்லோரும் ஒன்றுபோல் வீழ்ந்துவிடவில்லை. எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல் இளவயதில் மறைந்தாலும் இசைத்தட்டுகளில் பாடிக்கொண்டிருந்தார். கே.பி.சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். குரலைச் சேமித்து விற்கும் வழி கிடைத்தவர்கள் தப்பினார்கள். ஓர் இரவுக் கூலிக்குப் பாடியவருக்கு விடிந்தபின் விற்க எதுவும் மிஞ்சவில்லை.

விசுவநாததாஸ் கடைசிவரை அந்தக் கூலிமேடையிலேயே நின்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நடக்கையில், மயில்மேல் முருகனாக வீற்றிருந்தபடியே உயிர்நீத்தார். திருமங்கலத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தியாகி என்ற பட்டம் அவருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் அப்பட்டத்தோடு நின்றுவிட்டால் அவரது வறுமை தியாகத்தின் இயல்பான பகுதிபோல் ஆகிவிடுகிறது. கூலி தராமல் விட்ட தொழில்முறை விசாரணைக்கே வராமல் போகிறது. மதுரை நாடக நடிகர் சங்கத்தின் வழியாகக் கலைஞர்களைத் திரட்டி, ஓர் இரவுக்குப் பேசி, வள்ளி திருமணம் போடும் வழக்கம் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் தொடர்கிறது. திருவிழா இல்லாத மாதங்களில் அந்தக் கலைஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்ற கேள்வியும் இந்த ஆய்வின் எல்லைக்குள்தான் வருகிறது.