ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டு

அப்யாச நேரத்தில் எத்தனை பங்கைக் கட்டாவுக்குக் கொடுப்பது, எத்தனை பங்கை எதிராளியோடு மோதிப் பழகுவதற்கு ஒதுக்குவது என்ற விவாதம் கராத்தே பயிலும் இடங்களிலெல்லாம் ஓயாமல் நடக்கிறது. எதிரே எவரும் இல்லாத வெற்றுவெளியில், அடியும் தடுப்பும் உதையும் வரையறுத்த வரிசையில், வரையறுத்த திசைகளில் தொடுத்துச் செய்யப்படும் கோவைக்குத்தான் கட்டா என்று பெயர். வாதிடுகிற இரு சாராரும் இந்தக் கேள்வி வித்தையோடு உடன்பிறந்தது என்றே கருதுகிறார்கள். ஆனால் அவ்வித்தையின் தாயகமான ஓகினாவாத் தீவின் சரித்திரத்தை நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு, அது பள்ளிக்கூடத்து மணியோசையோடு பிறந்த கேள்வி என்பது விளங்கும்.

ரியூக்யூ ராஜ்யம் என்று தனித்து வாழ்ந்த அத்தீவுக்கூட்டத்தை ஜப்பான் 1879-ல் தன் மாகாணங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. அரண்மனை இருந்த ஷூரியிலும், துறைமுகமான நாஹாவிலும், அருகிலுள்ள தோமாரியிலும் வாழ்ந்த ஆசான்கள் அந்நாளில் கூட்டம் சேர்த்துக் கற்பித்தவர்கள் அல்லர். சிஷ்யர்கள் ஒருவரோ இருவரோதான். கற்கும் இடம் வீட்டுக் கொல்லை. காலம் பெரும்பாலும் இரவு. ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டு என்பது அவர்களிடையே வழங்கிய நியதி.

1868-ல் ஷூரியில் பிறந்து, பிற்காலத்தில் இவ்வித்தையை ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுசென்ற ஃபுனாகோஷி கிச்சின், தம் இளமைக்கால அப்யாசத்தைச் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். பகலெல்லாம் பள்ளி ஆசிரியராக உழைத்துவிட்டு, இரவில் விளக்கைக் கையில் ஏந்தித் தம் ஆசான் அசாத்தோ அங்கோவின் வீட்டுக்கு நடந்து போவார். ஆசான் மங்கிய விளக்கொளியில் நிமிர்ந்து அமர்ந்திருக்க, சிஷ்யர் முற்றத்தில் அதே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்வார். இன்னொரு முறை என்ற கட்டளை மட்டும் வரும். வாரங்கள் கழிந்து, சில சமயம் மாதங்களும் கழிந்து, ஆசான் திருப்தியடைந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். நைஹாஞ்சி என்ற பெயருள்ள மூன்று கட்டாக்களுக்கு மட்டும் தமக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன என்று அவர் எழுதுகிறார்.

அப்படிப் பத்து ஆண்டுகளை விழுங்கிய அந்த நைஹாஞ்சியைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். செய்கிறவர் முன்னே ஓரடி வைப்பதில்லை, பின்னே ஓரடி வைப்பதில்லை. கால்களை அகட்டி, முழங்கால்களை மடித்து, நண்டு நகர்வதுபோல ஒரே கோட்டில் பக்கவாட்டாக நகர்கிறார். ஒரு காலை மற்றதன் குறுக்கே எடுத்து வைத்து, புறங்கையைப் பக்கவாட்டில் நீட்டி, நீட்டிய கையின் திறந்த உள்ளங்கையிலேயே மறு முழங்கையை மோதுகிறார். நீட்டிய கை எதிராளியின் தலையைப் பற்றும் கை என்றும், முழங்கை விழும் இடம் அவன் முகம் என்றும் அறிந்தபின் அதே அசைவு வேறாகத் தோன்றும். இது மார்போடு மார்பு நெருங்கி நிற்கும் சண்டைக்கு வகுத்த கோவை; விலகி நின்று பார்க்கிற கண்ணுக்கு அதன் நியாயம் புலப்படாது. நாஹாவின் வீதிச் சண்டைகளில் பெயர் பெற்ற மோத்தோபு சோக்கி தம் வித்தைக்கு ஆதாரமாகக் கொண்டதும் இந்த நைஹாஞ்சியைத்தான் என்பது கட்டாவை வெறும் நாட்டியம் என்று இகழ்கிறவர்கள் யோசிக்கவேண்டிய விஷயம். அவர் 1926-ல் வெளியிட்ட நூல், இருவர் எதிர்நின்று பழகும் குமித்தேயைப் பற்றியது. கட்டாவிலிருந்து மோதலுக்குப் போகும் பாதை அவருக்குத் திறந்தே இருந்தது.

நாஹாவில் முறை சற்று வேறு. சீனத்து ஃபூச்சௌ நகரில் பயின்று திரும்பிய ஹிகாஓன்னா கான்ரியோ, தம் சிஷ்யர்களைச் சில ஆண்டுகள் சான்சின் என்ற ஒரே கட்டாவில் நிறுத்திவைத்தார். மூச்சை அடக்கி, தசைகளை இறுக்கி, பாதத்தை வளைவாக இழைத்து அடியெடுத்து வைக்கும் சிஷ்யனின் தோளிலும் முதுகிலும் தொடையிலும் ஆசான் அறைந்து பார்ப்பார். நிலை குலைந்தால் மறுபடியும் முதலிலிருந்து. வைக்கோல் சுற்றிய கட்டையைக் குத்துவதும், வாய் அகன்ற ஜாடிகளை விரல்நுனியால் பற்றித் தூக்கி நடப்பதும் இதனோடு சேர்ந்தவையே. பலமும் பரீட்சையும் பிரயோகமும் கட்டாவைச் சுற்றியே அமைந்திருந்தபோது, நேரத்தைக் கூறு போடவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கூறு போட்டது காலத்தின் நிர்ப்பந்தம். கட்டாய ராணுவ சேவை 1898-ல் ஓகினாவாவுக்கும் வந்தது; அதற்கேற்ற தேக உறுதியைப் பள்ளியிலேயே வளர்க்கும் எண்ணமும் எழுந்தது. ஃபுனாகோஷியின் மற்றோர் ஆசானான இத்தோசு அங்கோவின் முயற்சியால் 1901-ல் ஷூரியின் ஆரம்பப் பள்ளியில் கராத்தே தேகப்பயிற்சிப் பாடமாயிற்று. 1905-ல் அவரே நடுநிலைப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். கொல்லையில் ஒரு சிஷ்யனுக்கு உரியதாயிருந்த வித்தை, மைதானத்தில் வரிசை வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு, ஒரு பாடவேளைக்குள் அடங்கவேண்டியதாயிற்று. நீண்ட பழைய கட்டாக்களிலிருந்து எளிய அசைவுகளைத் தேர்ந்து பினான் என்ற ஐந்து சிறு கட்டாக்களை அவர் அமைத்தார். இன்று நம் ஊர்க் கராத்தே வகுப்புகள் பலவற்றில் குழந்தைகள் ஆரம்பத்தில் கற்பவையும் இவையே. ஆணைக்கு ஓர் அசைவாகப் பிள்ளைகள் செய்தார்கள். கண்ணைக் குத்துவதையும் மூட்டை முறிப்பதையும் சிறுவர்க்கு விளக்க முடியாதாகையால், அசைவு நின்றது, அதன் பிரயோகம் உதிர்ந்தது.

இதற்காக இத்தோசுவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர் இந்த ஏற்பாட்டைச் செய்திராவிட்டால் வித்தை அந்தக் கொல்லைகளோடு மறைந்திருக்கக் கூடும். மேலும், 1908-ல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதத்தில், ஒவ்வோர் அசைவையும் பலமுறை பயிலவேண்டும் என்பதோடு நில்லாமல், அதன் பொருளை அறிந்து, எப்போது எவ்விதம் பிரயோகிப்பது என்று தெளியவேண்டும் என்றும், எது தேகத்தை உரப்படுத்த, எது காரியத்துக்கு என்று பகுத்துணரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கட்டாவுக்குப் பெரும்பங்கு நேரம் தகும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அது இந்தக் கடிதம் சொல்லும் கட்டாவுக்கு, அதுவும் இரண்டு மூன்று கட்டாக்களுக்கு. பட்டை மாறும் பரீட்சைக்காக ஆண்டுக்கு இரண்டு புதிய கோவைகளை மனப்பாடம் செய்கிறவன், பாதி நேரத்தைச் செலவிட்டாலும் அது விரயமே.

ஃபுனாகோஷி 1922-ல் டோக்கியோவில் வித்தையைச் செய்துகாட்டி அங்கேயே தங்கியபோது, அவரிடம் வந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். கவசம் அணிந்து வாள்வித்தை பழகும் கெண்டோ வீரர்களின் மோதலை நாள்தோறும் கண்டவர்கள். கட்டா மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. 1920-களின் இறுதியில் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களாகவே கவசம் பூண்டு மோதத் தொடங்கவே, ஃபுனாகோஷி அவர்களுடைய கராத்தே சங்கத்தை விட்டே விலகினார். மாணவர்களின் தாகம் நியாயமானது. ஆனால் நைஹாஞ்சியின் நெருக்கத்தில் அதைத் தீர்த்துக்கொள்ளும் வழி அவர்களுக்குக் காட்டப்படவில்லை. அவர்கள் எட்ட நின்று பாய்ந்து குத்தும் வேறொரு மோதலை வளர்த்தார்கள். 1957 ஏப்ரலில் ஃபுனாகோஷி காலமானார்; அதே ஆண்டு அக்டோபரில் நடந்த முதல் அகில ஜப்பான் கராத்தே போட்டியில் கட்டா ஒரு பிரிவாகவும் குமித்தே இன்னொரு பிரிவாகவும் வைக்கப்பட்டன. 2021-ல் டோக்கியோவின் ஒலிம்பிக் அரங்கில், ஆண்கள் கட்டா பிரிவில் தங்கம் வென்றவர் ஓகினாவாவைச் சேர்ந்த கியுனா ரியோ. அத்தீவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.